மந்திரிக்குப் போர்த்திய சால்வைகள்

மேட்டுநாட்டு வர்த்தக மந்திரி மகாகீர்த்தி துணி இறக்குமதி பற்றிப் பேச தறிநாட்டுக்கு வந்தார். பேச்சுவார்த்தை என்று பெயர். பேசியது அவர் மட்டும்தான்.

"உங்கள் துணியை மூட்டை மூட்டையாக எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்! இனி ஆளுக்கு ஒரு துணிக்கு மேல் எங்கள் எல்லையைத் தாண்டக் கூடாது. உங்கள் துணி வேண்டுமென்று எங்கள் நாட்டில் எவன் அழுதான்? ஒருத்தனைக் காட்டுங்கள், வரம்பையே எடுத்துவிடுகிறேன்!"

தறிநாட்டு அதிகாரிகள் மேஜையைப் பார்த்தார்கள். காபி கொண்டுவந்த பியூன் காத்தமுத்து மட்டும் மந்திரியைப் பார்த்தான்.

மாலையில் பாராட்டு விழா. திட்டியவருக்கும் சால்வை போர்த்தாவிட்டால் தறிநாட்டுக்குத் தூக்கம் வராது. மில் முதலாளிகள் வரிசையில் வந்து பட்டுச் சால்வை போர்த்தினார்கள். மந்திரி ஒவ்வொன்றையும் உருவி, பின்னால் நின்ற காத்தமுத்துவிடம் திரும்பிப் பார்க்காமலே நீட்டினார். குவியல் அவன் மூக்கைத் தொட்டது.

கடைசிச் சால்வையை மந்திரியின் தோளிலேயே விட்டுவிட்டு, மீதியோடு காத்தமுத்து மேடையிலிருந்து இறங்கினான்.

"டேய்! என் சால்வையெல்லாம் எங்கே கொண்டுபோகிறாய்?"

மைக்கை இன்னும் யாரும் அணைக்கவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

"ஆளுக்கு ஒண்ணுதானே ஐயா எல்லை தாண்டலாம்? மிச்சத்தைக் கொடுத்தவங்ககிட்டயே கொடுத்துடறேன்."

"அத்தனையும் எனக்கு வேண்டும்! காரில் ஏற்று!"

காத்தமுத்து குவியலை அதிகாரிகள் முன்னால் வைத்தான்.

"ஒருத்தரைக் காட்டச் சொன்னாரு, காட்டிட்டேன். வரம்பை எடுத்தாச்சுன்னு கையெழுத்தை வாங்கிக்கிட்டு சால்வையைக் கொடுங்க."