மாமரத்தடிச் சாமியின் கை

“சாமி, எடுத்துக்கட்டுமா, காத்திருக்கட்டுமா, விட்டுரட்டுமா?”

கும்பிட்டு எழுந்த கையோடு ஆவுடையப்பன் இதைக் கேட்டார். நெற்றியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டிவிடவில்லை.

மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமி கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

ஆவுடையப்பன் கைகட்டிக் காத்து நின்றார்.

மாமரத்தடிச் சாமி பேசாத சாமி இல்லை. பேசச் சோம்பல்படுகிற சாமி. கடையநல்லூருக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், ஒரு தகரக் கொட்டகையும் அந்த மாமரமும்தான் அவருக்கு இருந்தன. வாய் திறக்காத சாமியிடம் வாக்கு வாங்க வந்தவர்கள், போகப்போக அவர் கையையும் காலையும் பார்த்துப் பலன் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

சாமி ஒருமுறை கொட்டாவி விட்டார், ஒரு கல்யாணம் நின்றுபோனது. இன்னொரு முறை கால் மாற்றி உட்கார்ந்தார், ஒருவர் தன் மாவு மில்லைத் தெற்குத் தெருவுக்கு மாற்றினார். இரண்டுமே நல்லபடியாக முடிந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கெட்டபடியாக முடிந்தவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை.

அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்கு முதுகு காட்டக் கூடாது. விடைபெறுகிறவர்கள் கும்பிட்டபடியே பின்பக்கமாக நடந்து, வேலியைத் தாண்டிய பிறகுதான் திரும்ப வேண்டும். வேலிக்கல்லில் குதிகாலை இடித்துக்கொள்ளாதவர் குறைவு. இதையும் சாமி சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஆவுடையப்பன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணமான நாளிலிருந்து இங்கே வருகிறவர். ஆபீசில் அடுத்தவர் வீட்டுத் தகராறுக்கெல்லாம் பட்டென்று வழி சொல்லுவார். இன்று தன் வீட்டு விஷயத்தில் அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

மகள் நிவேதிதா பிளஸ் டூ முடித்துவிட்டாள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் அவளுக்கு நெல்லையில் ஓர் அரசுக் கல்லூரியில் சிவில் கிடைத்திருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, விருப்பப் பட்டியலில் அதைவிட மேலே எழுதியிருக்கும் கோயம்புத்தூர் கம்ப்யூட்டர் கிடைக்குமா என்று காத்திருக்கலாம். வேண்டாம் என்று விட்டும்விடலாம். மூன்றில் ஒன்றைக் கவுன்சலிங் வெப்சைட்டில் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அமுக்கியாக வேண்டும். தவறினால் கிடைத்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தி எழுதியதும் ஆவுடையப்பன்தான். ராத்திரி பகலாக வீடியோ பார்த்து எழுதினார். ஒரு வீடியோ சிவிலுக்கு எதிர்காலமே இல்லை என்றது. அடுத்த வீடியோ எதிர்காலமே சிவில்தான் என்றது. மைத்துனர் சென்னையிலிருந்து போன் பண்ணி, ஊர்தான் முக்கியம், படிப்பு அப்புறம் என்றார். ஆபீஸ் சூப்பிரண்டு, படிப்புதான் முக்கியம், ஊர் கிடக்கட்டும் என்றார். பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருவருக்கொருவர் கட்-ஆஃப் சொல்லிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். அவரும் தன் பங்குக்கு நாலு பேரைப் பயமுறுத்தியிருந்தார்.

காலையில் கிளம்பும்போது மனைவி கோமதி, பிள்ளையைக் கேளுங்களேன் என்றாள். கேட்டால் உங்க இஷ்டம் என்றுதான் சொல்லுவாள் என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வந்துவிட்டார்.

இப்போது மணி நாலைத் தாண்டியிருந்தது. அவர் வந்தபோது சாமி படுத்திருந்தார். எழுப்பவா முடியும்? எழுந்து உட்காரும்வரை வெயிலில் காத்திருந்துதான் கேட்டார்.

சாமி கண்ணைத் திறந்தார். மூன்று விரலைக் காட்டினார்.

ஆவுடையப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்றாவது, விட்டுவிடுவது. கிடைத்த அரசுக் கல்லூரியை விட்டுவிட்டு நடுத்தெருவில் நிற்பதா?

“சாமி, விட்டுரவா சொல்லுதீங்க?”

சாமி கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

சாமி சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கினார். மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார். அதற்குள் கொட்டகையிலிருந்து பேச்சியக்கா வந்தார். சாமிக்கு வருஷக்கணக்காகச் சமைத்துப்போடுகிறவர். கையில் தட்டு. தட்டில் மூன்று தம்ளர் சுக்குக் காப்பி.

ஒன்றைச் சாமி எடுத்துக்கொண்டார். ஒன்றைப் பேச்சியக்கா எடுத்துக்கொண்டார்.

“குடிங்க தம்பி. ஆறிரும்.”

ஆவுடையப்பன் மூன்றாவது தம்ளரை வாங்கினார். மூன்று விரல் காப்பிக்கா? அப்படியென்றால் விட வேண்டாமா? அல்லது விரல் காப்பிக்கும் கேள்விக்குமாகச் சேர்த்துக் காட்டியதா?

சாமி காப்பியை ஒரு வாய் குடித்தார். தலையை அண்ணாந்து மேலே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

ஆவுடையப்பன் முகம் மலர்ந்துவிட்டது. இதற்கு அர்த்தம் கேட்கவே வேண்டாம்.

“மேல உள்ளதுக்குக் காத்திருன்னு சொல்லுதீங்க. அப்படித்தான சாமி? கோயம்புத்தூருக்கு.”

சாமி தலையை இறக்கினார். தொடையைப் பார்த்தார். வலது புறங்கையால் தொடையை ஒரு தட்டுத் தட்டித் தள்ளினார்.

ஆவுடையப்பன் முகம் மறுபடி வாடியது. முதலில் விடு, பிறகு காத்திரு, இப்போது தள்ளு. சாமிக்கே குழப்பமா? சாமிக்கே குழப்பம் என்றால் ஒரு குமாஸ்தா எங்கே போவான்?

“தள்ளுன்னா எதைச் சாமி தள்ள? சிவிலையா, கோயம்புத்தூரையா?”

பேச்சியக்காதான் பதில் சொன்னார்.

“முசுறு தம்பி. மாமரத்துல கூடு கட்டியிருக்கு. மேல இருந்து விழுந்து விழுந்து கடிக்கும். நாள் பூரா இப்படித்தான் பாத்துக்கிட்டும் தட்டிக்கிட்டும் இருக்காரு. எடத்த மாத்தி உக்காருங்கன்னா கேக்கமாட்டேங்காரு.”

தரையில் ஒரு சிவந்த எறும்பு காலை உதறி எழுந்து, எதுவும் நடக்காததுபோல மரத்தைப் பார்த்துப் போனது.

ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு இன்னொரு நாள் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நிவேதிதா பத்தாவது முடித்தபோது, இதே இடத்தில் நின்று இப்படித்தான் கேட்டார். பிள்ளை பயாலஜி குரூப் கேட்கிறாள், மாட்டு டாக்டர் ஆக வேண்டுமாம், சேர்க்கட்டுமா என்று. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கால் முறிந்து கிடந்தபோது, தன் பள்ளிக்கூட ஸ்கேலை முட்டுக்கொடுத்து, தாவணித் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டவள் அவள். அந்தக் குட்டி நடந்தது.

அன்றைக்குச் சாமி பேசவில்லை. வலது புறங்கையால் தொடையை ஒரு தட்டுத் தட்டித் தள்ளினார்.

ஆவுடையப்பன் வீட்டுக்குப் போய், சாமி பயாலஜியைத் தள்ளச் சொல்லிவிட்டார் என்றார். கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப்பில் சேர்த்தார். பயாலஜி படிக்காதவளுக்கு மாட்டு டாக்டர் படிப்பின் வாசலே கிடையாது என்பது அவருக்கு அப்போதே தெரியும். சாமி வாக்குக்கு முன்னால் அது பெரிதாகத் தெரியவில்லை.

“சாமி,” என்றார். தம்ளரைக் கீழே வைத்தார். “ரெண்டு வருசத்துக்கு முன்ன பிள்ளை குரூப் விசயமா வந்தேன். இதே மாதிரி தட்டினீங்க.”

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னைக்கும் கடிச்சுது,” என்றார்.

பேச்சியக்கா தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆவுடையப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். சாமி மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவர்மேல் ஆத்திரப்பட்டதே இல்லை. எப்படி ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை.

“அது முசுறுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, சாமி.”

“நீதான் கும்பிட்டுக்கிட்டே பின்னால போயிட்டியே.”

உண்மைதான். பதில் கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு வேலிக்கல்லில் இடித்துக்கொண்டதுகூட வலிக்கவில்லை.

மணி நாலே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் போனை எடுத்துப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்தார், மறுபடி எடுத்தார். கண் கலங்கி எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

“போனது போகட்டும் சாமி. இப்பமாவது வாயத் தொறந்து சொல்லுங்க. எதை அமுக்க?”

“புள்ள என்ன கேக்கா?”

“அவ ஒண்ணும் கேக்கல. உங்க இஷ்டம்ப்பாங்கா. தங்கமான பிள்ளை சாமி. சாப்பாடு, துணிமணி, காலேஜு, எதுக்கும் ஒரு மறுவார்த்த கெடையாது. எல்லாத்துக்கும் உங்க இஷ்டம்தான்.”

“எப்ப இருந்து?”

ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

ஆட்டுக்குட்டிக்குக் கட்டுப்போட்டவள் மறுவார்த்தை பேசாத பிள்ளையா? எத்தனை மறுவார்த்தை. இட்லி வேண்டாம் என்பாள், பச்சைப் பாவாடைதான் வேண்டும் என்பாள், தலைகீழாக நின்று அதை வாங்கியும் விடுவாள். அந்த மறுவார்த்தைகள் எந்த நாளில் நின்றன? யோசிக்க யோசிக்க, ஒரு நாளைச் சுற்றியே அவர் நினைப்பு வந்து நின்றது. அன்றைக்கு இந்த மரத்தடியிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அவள் அழவில்லை. சரிப்பா, உங்க இஷ்டம் என்றாள். அவரும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

போன் கையில் ஒருமுறை அதிர்ந்தது.

ஓடிபி வந்திருந்தது. ஆறு இலக்கம். உங்கள் முடிவை உறுதி செய்வதற்கான எண், பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்தவும், யாரிடமும் பகிர வேண்டாம் என்றிருந்தது.

அவர் எதையும் அமுக்கவில்லையே. எவனோ திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து பிள்ளையின் இடத்தைத் தட்டிப் பறிக்கிறான் என்று பதறி எழுந்தார். யாருக்குச் சொல்வது, போலீசுக்கா, கவுன்சலிங் ஆபீசுக்கா என்று தவித்தபோதே போன் அடித்தது. வீட்டிலிருந்து.

“அப்பா.”

“ஏம்மா, எவனோ உள்ள நுழையப் பாக்கான்...”

“நான்தாம்ப்பா. உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க.”

ஆவுடையப்பனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விண்ணப்பம் போட்ட நாளில், மகளின் நம்பர் கேட்ட இடத்தில் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். பிள்ளைக்கு எதற்குத் தொந்தரவு என்று. ஊரில் முக்கால்வாசி அப்பாக்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள். அவளாக ஒன்றை அமுக்கினால்கூட, அந்த ஆறு இலக்கம் இந்தக் கைக்கு வந்துதான் அவள் கைக்குப் போக வேண்டும்.

“எதை அமுக்கியிருக்க, நிவிம்மா?”

மறுமுனையில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

“சிவிலா? காத்திருக்கலாம்னா? வேண்டாம்னா?”

பின்னால் கோமதி தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். சொல்லிவிட்டாள் என்றால் நிம்மதி. உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டாள் என்றால், நம்பரைக் கொடுக்க வேண்டியதில்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தில் தானே எதையாவது அமுக்கிவிடலாம்.

அவள் சொல்லவில்லை.

“நம்பரைச் சொல்லுங்கப்பா,” என்றாள்.

அவருக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்பதை அமுக்கியிருந்தால்? இத்தனை நாள் பாடுபட்டது அத்தனையும் போகுமே. கை தானாகக் கும்பிட நெஞ்சுக்கு வந்தது, கண் தானாகச் சாமி பக்கம் போனது.

சாமி கையைத் தூக்கினார்.

முசுறு விழுந்ததோ, கொடு என்றாரோ, கொடுக்காதே என்றாரோ, பேச்சியக்காவைத்தான் கூப்பிட்டாரோ. கை இன்னும் முழுசாக உயரவில்லை.

ஆவுடையப்பன் சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

“எழுதிக்கோம்மா,” என்றார். “ஏழு... ரெண்டு... ரெண்டு...”