சங்கிலியின் கடைசி ஆள்

“சாமி, எனக்குப் பயமா இருக்கு.”

தில்லைநாயகம் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மனுஷன்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்தில் ஓடு போட்ட சின்ன மடம் அது. சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தில்லைநாயகத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னவர் காலில் விழ அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

“எதுக்குப் பயம், கண்டக்டரே?”

“அதுதான் தெரியலை. தொழில் நல்லாத்தான் போகுது. ஆனா போன் அடிச்சா நெஞ்சு திக்குன்னுது.”

“என்ன தொழில்?”

அவ்வளவுதான். தில்லைநாயகத்துக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ!

“சத்துப்பொடி, சாமி. ஒரு பெட்டி வாங்கினா உள்ள வந்துடலாம். நமக்குக் கீழ ரெண்டு பேரைச் சேர்க்கணும். அந்த ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு பேரைச் சேர்ப்பாங்க. அப்படியே போய்க்கிட்டே இருக்கும். கீழ யார் பெட்டி வாங்கினாலும் மேல இருக்கிற நமக்கு ஒரு பங்கு வரும்.”

“பொடியை யார் சாப்பிடுறது?”

தில்லைநாயகம் ஆள் சேர்க்க எத்தனையோ மேடையில் பேசியவர். இதை மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

“சேர்ந்தவங்கதான் சாப்பிடணும். வெளியாளு அந்த விலை கொடுத்து வாங்குவானா?”

“நீங்க சாப்பிடுறீங்களா?”

“எனக்கு ஒத்துக்கலை சாமி. வயித்தைப் புரட்டுது.”

“அப்ப வாங்குறதில்லை.”

“வாங்காம? மாசாமாசம் வாங்கலேன்னா என் இடம் போயிடும். இடம் போனா பங்கும் போச்சு.” குரல் இறங்கியது. “ஒரு ரூம் பூரா பெட்டிதான் கிடக்கு.”

சாமி ஒரு முற்றின தண்டை ஒடித்துப் போட்டார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை என்னை வைரம் ஆக்குறாங்க சாமி. அது பெரிய பதவி. அதுக்கு எனக்குக் கீழ இன்னும் நிறையப் பெட்டி போகணும். ஆளுக்கு இன்னொண்ணு எடுத்தே ஆகணும்னு கீழ இருக்கிற எல்லாருக்கும் சொல்லிட்டேன். எடுக்கலேன்னா எனக்கு மேல இருக்கிறவர் என்னைச் சும்மா விடமாட்டார். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்.”

“பண்ணிடலாம். உங்களுக்கு இல்லை. கடைசியா சேர்ந்த ஆளுக்கு.”

“கடைசின்னு யாரும் கிடையாது சாமி. அவங்களுக்குக் கீழயும் வருவாங்க.”

“இன்னைக்குத் தேதிக்கு ஒருத்தர் இருப்பார்ல? வாங்க, பார்த்துட்டு வருவோம்.”

சாமி கையைக் கழுவிவிட்டு வந்து பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் டீக்கடை மனோகரன். தில்லைநாயகத்தின் சித்தப்பா மகன், அவருக்கு நேர் கீழே இருப்பவன். நல்ல வியாபார நேரத்தில் கடை பாதி ஷட்டர் போட்டுக் கிடந்தது.

“மனோகரா...”

“நாளைக்கு எடுத்துடறேண்ணே!” உள்ளேயிருந்து குரல்தான் முதலில் வந்தது. “சத்தியமா எடுத்துடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடறேண்ணே.”

குனிந்து வெளியே வந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கூடவே விளையாடி வளர்ந்த பயல், கடன்காரனைக் கண்டவன் மாதிரி நின்றான்.

“உனக்குக் கீழ யாருடா?”

“நர்ஸ் பிலோமினா. அவங்களைக் கேளுங்கண்ணே. என்னை விட்டுடுங்க.”

பிலோமினா வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பைக் சத்தம் கேட்டதும் டிவி நின்றுபோனது. கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. இன்னொரு தரம் தட்டினார்கள்.

“அம்மா வீட்ல இல்லைங்க,” என்றது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பிலோமினாவின் குரலேதான்.

“நான்தான்மா, தில்லைநாயகம்.”

ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. “ஐயோ, நீங்களா சார்? சேர்ந்தவங்க தினம் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கிறாங்க சார். சர்ச்சுக்குக்கூடப் போக முடியலை. எல்லாரும் தெரிஞ்ச முகம்.”

“கடைசியா யாரைச் சேர்த்தீங்க?” என்று கேட்டார் சாமி.

“சுகந்தியை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மாவு அரைச்சு விக்கிற பொண்ணு. அவ மட்டும்தான் இன்னும் என்னைத் திட்டலை.”

ஜன்னல் சாத்திக்கொண்டது.

ரயில்வே கேட்டைத் தாண்டும்போது தில்லைநாயகம் பைக்கை மெதுவாக்கினார். “திரும்பிடுவோமா சாமி? வெயில் ஏறுது.”



சுகந்தியின் வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. உள்ளே ஒருத்தன் கிரைண்டருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பெரிய கிரைண்டர். அந்தப் பெண்ணின் சோறே அதில்தான் அரைபட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

சுகந்திக்கு முப்பது வயது இருக்கும். காவி வேட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க சாமி, வாங்கண்ணே. பிலோமினா அக்கா அனுப்பினாங்களா? உட்காருங்க. யாராவது வரமாட்டாங்களான்னு காலையிலேருந்து வேண்டிக்கிட்டு இருக்கேன்.”

“கிரைண்டரை எங்கேம்மா கொண்டுபோறாங்க?” என்றார் சாமி.

“வித்துட்டேன் சாமி. ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னொரு பெட்டி எடுக்கணுமாம், மேல இருந்து உத்தரவு. கையில காசு இல்லை. பரவாயில்லை, வைரம் சார் வழியில போனா இதைப் போல பத்து வாங்கலாம்.”

“அது யாரு, வைரம் சார்?”

சுகந்தி ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்தாள். படத்தில் ஒருத்தர் கோட்டும் கூலிங் கிளாஸுமாகக் கார்மேல் சாய்ந்து நின்றார். கார் யாருடையதோ. கோட்டு வாடகைக் கோட்டு.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, வேர்த்துக் கொட்டி நின்ற தில்லைநாயகத்தை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

“இவருதான் சாமி. ஞாயித்துக்கிழமை வைரம் ஆகப்போறவராம், இப்பவே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. சாதாரண கண்டக்டரா இருந்தவராம். இந்தக் காசுலதான் மகனை டாக்டருக்குப் படிக்க வெச்சாராம். மேடையில அதைச் சொல்றப்ப அவருக்கே அழுகை வந்துடுச்சாம். எம் பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவளையும் அப்படி ஆக்கிடணும்.”

தில்லைநாயகத்துக்குப் பிள்ளையே கிடையாது. கைதட்டல் குறைந்த ஒருநாள் மேடையில் அவராகப் பிறப்பித்த பிள்ளை அது. அது இந்தக் குச்சு வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

“யக்கா, தூக்கலாமா? அடுத்த லோடு இருக்கு,” என்றான் ஆட்டோக்காரன்.

“ஒரு நிமிஷம் இருப்பா.” சுகந்தி சாமியின் பக்கம் திரும்பினாள். கைகளைப் பிசைந்தாள். “சாமி, கேட்கக் கூடாதுதான். எனக்குக் கீழ இன்னும் ஒருத்தரும் வரலை. தெருவுல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். இப்ப என்னைக் கண்டா கதவைச் சாத்துறாங்க. மாவு வாங்கவும் வர்றதில்லை. நீங்க ஒருத்தர் சேர்ந்தீங்கன்னா உங்களைப் பார்த்து நாலு பேர் வருவாங்க.”

“சேர்ந்தா போச்சு,” என்றார் சாமி.

தில்லைநாயகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சாமி!”

“என்ன, கண்டக்டரே? உங்களுக்குத்தான் இதுல அனுபவம். நீங்க சரின்னு சொன்னா இப்பவே சேர்ந்துடறேன்.”

சுகந்தி தில்லைநாயகத்தைப் பார்த்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று கெஞ்சுகிற பார்வை.

மடத்துக்கு வருகிற கூட்டமெல்லாம் தில்லைநாயகத்தின் கண்ணில் வந்து போனது. சாமி சொன்னால் ஏன், எதற்கு என்றுகூடக் கேட்காத ஜனங்கள். அத்தனை பேரும் பெட்டி வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை வைரம் நிச்சயம். அப்புறம் அத்தனை வாசலிலும் இதேபோல ஒரு ஆட்டோ வந்து நிற்கும். இல்லை என்று சொன்னாலோ, மேலே இருக்கிறவர் இருக்கிறார். மனோகரன் இருக்கிறான், பிலோமினா இருக்கிறாள், எல்லாரும் பணத்தைக் கேட்டுத் தன் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஆட்டோக்காரன் கிரைண்டரைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டான்.

“வேண்டாம் சாமி,” என்றார் தில்லைநாயகம். குரலே எழும்பவில்லை. “சேராதீங்க. அத்தனையும் பொய்.”

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றார் சாமி, சுகந்தியைக் காட்டி. “அவங்ககிட்ட சொல்லுங்க.”