அருமைநாயகத்தின் பரிந்துரைக் கடிதம்

ஒரு கல்யாணம் பண்ணிப் படுகிற பாடு போதாதென்று இன்னொன்றுக்குப் பெண் பார்க்கக் கிளம்புகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும்? நாற்பத்து நான்கு வயதில் இரண்டாவது எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்ட அருமைநாயகத்தை அப்படித்தான் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சரக்கை லாரியேற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்கு அவர் மேனேஜர். “பையன் பன்னெண்டாவது முடிக்கிறான். ரெண்டு பேரும் ஒண்ணாவே ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டுங்க” என்று மனைவி சிரித்தாள். சிரித்தாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து ஒன்றுதான் பாக்கி. முன்பு பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பழைய மாலைக் கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியை சுபத்ராவின் அறைக் கதவைத் தட்டினார். மேடத்துக்கு அவரைவிட இரண்டே வயதுதான் கூட. ஆனாலும் மேடம் எதிரில் அருமைநாயகத்துக்கு இன்னும் நாற்காலி நுனியில்தான் உட்கார வரும்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவரே தன்னைப் புகழ்ந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். கொடுக்கிறவர் கையெழுத்து மட்டும் போடுவார். வெட்கக்கேடுதான், என்ன செய்ய, உலகம் அப்படி ஓடுகிறது. அருமைநாயகமும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசிங்க மேடம்.”

மேடம் கடிதத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். படிக்கவில்லை.

“ஒண்ணுதான் கையில இருக்கே. மறுபடி எதுக்கு?”

“ப்ரமோஷனுக்குங்க.”

“அப்புறம்?”

“இப்ப வர்ற விஷயமெல்லாம் புதுசா இருக்குதுங்க.”

“அப்புறம்?”

அருமைநாயகம் மேசைமேல் கிடந்த கடிதத்தின் ஓரத்தை நேராக்கி வைத்தார்.

“மொத எம்.பி.ஏ.வை நான் படிக்கவே இல்லீங்க மேடம். ஷிப்ட் முடிஞ்சு கிரீஸ் கையோட ஓடி வருவேன். நீங்க போர்டுல எழுதுவீங்க, நான் கடைசி பெஞ்சுல தூங்குவேன். நான் வர்றதுக்குள்ள லைப்ரரியப் பூட்டியிருப்பாங்க. கண்ணாடிக் கதவு வழியா புத்தகத்தையெல்லாம் பாத்துட்டு வீட்டுக்குப் போவேன். ரெண்டே ரெண்டு வருஷம், படிக்கறதுக்குன்னு மட்டும் காலையில எந்திரிக்கோணுங்க. வேற எதுக்கும் இல்லாம. அந்த ஏக்கம் இன்னும் போகலீங்க.”

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் சிரிப்பு வந்தது.

“நல்லா வந்திருக்கு. எழுதிப் பழகின கை மாதிரி இருக்கே?”

“மேல படிக்கப் போறதுக்குக் கம்பெனிப் பசங்க நெறையப் பேரு எங்கிட்ட லெட்டர் வாங்கிட்டுப் போவாங்க. அவங்களே எழுதிட்டு வருவாங்க, நான் திருத்திக் கையெழுத்துப் போடுவேன். இது வரைக்கும் பதினாலு பேருங்க.”

“யாருக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கீங்களா?”

“ஒருத்தனுக்குங்க. இருதயராஜ்னு பேரு.”

“சுமாரான ஆளோ?”

“ஐயோ, இல்லீங்க! அந்தப் பதினாலு பேருல ஒருத்தனும் அவன் பக்கத்துல நிக்க முடியாதுங்க. எந்த லாரி எந்த ஊர்ல நிக்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அவன் போயிட்டா டெஸ்பாட்சே படுத்துக்கும். அதான், அடுத்த வருஷம் பாக்கலாம்னேன்.”

“எப்ப சொன்னீங்க?”

“அது ஆச்சுங்க, ஆறு வருஷம்.”

“அவர் மறுபடி கேக்கலையா?”

“ரெண்டு தடவை கேட்டான். அப்புறம் கேக்கறதில்லீங்க.”

“இப்ப எங்க இருக்கார்?”

“எங்கிட்டத்தானுங்க. அவன் பாத்துக்குவான்கிற தைரியத்துலதான் கம்பெனியில எனக்கு ரெண்டு வருஷம் லீவே...”

படபடவென்று சொல்லிக்கொண்டு வந்தவர் அங்கே நின்றுவிட்டார். கடைசியாகக் கேட்டபோது இருதயராஜ் நின்ற நிற்பு, கையில் மடித்து வைத்திருந்த தாள், “சரிங்க சார்” என்று திரும்பிப் போனது எல்லாம் கண் முன்னால் வந்தது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தோமா என்று யோசித்தார். பார்த்ததாக நினைவில்லை.

மேடம் பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். இழுப்பறையைத் துழாவி ரப்பர் ஸ்டாம்பை எடுத்து அழுத்திக் குத்தினார். கடிதத்தை நீட்டினார். அப்போது மணி மூன்றரை.

அருமைநாயகம் கையை நீட்டவில்லை.

“நான் இவ்வளவு சொன்னதுக்கப்புறமும் போட்டுட்டீங்களே மேடம்?”

“நீங்க போனா என் வேலை எதுவும் நிக்கப் போறதில்லையே, அருமை. போடறதுக்கு எனக்கென்ன கஷ்டம்?”