நீல வாசல் கொசுத்தேனீக்கள்

காட்டோரத்து மருத மரப் பொந்தில் கொசுத்தேனீக்கள் பெருகிப் போயின. கொட்டத் தெரியாத கூட்டம்தான், ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. இடம் போதாமல் ஒரு பங்கு, புது ராணியைக் கூட்டிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கொட்டகைச் சுவர் விரிசலுக்குத் தனிக்குடித்தனம் வந்தது.

தாய்வீட்டுச் சீதனமாக மெழுகும் பிசினும் சுமந்து வந்தார்கள். வாசல் கட்டும் பொறுப்பு மினுக்கிக்குக் கிடைத்தது. அவளுக்கோ தலைகால் புரியவில்லை. காட்டில் கட்டுவதுபோலவே விரல் நீளத்துக்கு மெழுகுக் குழாய் ஒன்றை வாசலாக நீட்டினாள்.

பூவுக்குப் போய்வரும் கருப்பாயி அதைப் பார்த்தாள். மரப் பொந்தென்றால் நிழல், இங்கே சாயங்கால வெயில் நேராகச் சுவரில் அடிக்கும், குழாய் உருகிவிடும், மண்ணைக் குழைத்துச் சுவரோடு ஒட்டினாற்போல் சின்ன வாசல் வைக்கலாம் என்றாள்.

"மண்ணுல கட்டுறது குளவி பொழப்பு! நம்ம பரம்பரை என்ன, பவுசு என்ன!" என்றாள் மினுக்கி.

சுவரில் இருந்த பல்லி 'ச்சு ச்சு' என்றது. அதைச் சகுனமாகக்கூட யாரும் மதிக்கவில்லை.

மழை மூட்டம் இருந்தவரை குழாயும் நின்றது, மினுக்கியின் பவுசும் நின்றது. ராணி முட்டையிட்டாள். அறைகளில் முதல் புழுக்கள் வளர்ந்தன. அப்புறம் ஒருநாள் வானம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடித்தது. குழாய் மூக்குச்சளி மாதிரி ஒழுகி, தொங்கி, கீழே விழுந்தது.

திறந்த வாசலைப் பார்த்ததும் செவ்வெறும்புகள் சாரி சாரியாக ஏறின. உள்ளே புகுந்து புழுக்களை இழுத்துக்கொண்டு போயின. கொண்டுவந்த பிசின் தீர்ந்திருந்தது; எறும்புகளை ஒட்டவைக்கப் புதுப் பிசின் தேடி மரத்துக்கு ஓட நேரமில்லை. கொட்டகைக் கதவில் யாரோ அப்போதுதான் நீலப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கருப்பாயி அதைக் காலில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"சீ, பெயிண்டா! குலத்துக்கே இழுக்கு!" என்று குறுக்கே நின்றாள் மினுக்கி.

"கூடு இருந்தாத்தானே குலம். தள்ளு!" என்றாள் கருப்பாயி.

மற்றவர்களும் பறந்தார்கள். எறும்புகளின் மூஞ்சியில் பெயிண்டை அப்பினார்கள். மண்ணோடு அதைக் குழைத்து வாசலைக் குறுக்கினார்கள். ஒட்டிக்கொண்ட எறும்புகள் தவிக்க, மிச்சம் ஓட்டம் பிடித்தன. ஆனால் பாதிப் புழுக்கள் போயே போய்விட்டன. ராணி காலியான அறைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

தாய்க் கூட்டிலிருந்து சொந்தங்கள் பார்க்க வந்தன. மினுக்கி நீல வாசலில் நின்றுகொண்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே, இந்த இடத்துக்கு மண்ணுதான் சரின்னு" என்றாள்.

போன இடத்துக்குத் தக்கபடி வழக்கத்தை மாற்றிக்கொள்ளாதவர் வீம்புக்கு, வீட்டுப் பிள்ளைகள்தான் விலை கொடுக்கும்.