பிச்சைத் தண்ணீர்

கரட்டுமேல் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை வாங்குகிறவர் அன்றைக்குத் தண்ணீரைப் பிச்சையாக வாங்கி வர வேண்டும். மடத்துக் கிணற்றில் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. வெளியே ஏதாவது ஓர் ஊரில் யாரோ ஒருவர் மனசார ஊற்றுகிற தண்ணீர். குருவும் சீடரும் அதில் மூன்று கை மொண்டு குடிப்பார்கள். மிச்சத்தைச் சீடரின் தலையில் ஊற்றினால் தீட்சை முடிந்தது.

வையாபுரி இதற்காக ஏழு வருஷம் காத்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. மடத்துக்கு வருமுன் போர்வெல் வண்டி வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் அவர் துளைக்காத பாறை குறைவு. குரு மரகதம்மை அவரைவிடப் பதினாறு வயது சின்னவர். அவரை "அண்ணே" என்பார். வையாபுரி அவரை "அம்மா" என்பார்.

விடிந்ததும் வையாபுரி குடத்தை எடுத்துக்கொண்டு கரட்டை விட்டு இறங்கினார். அடிவாரத்தில் கரட்டுப்பட்டி. ஊர் முகப்பிலேயே கைப்பம்பு. அந்த ஊர்ப் பேச்சி, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

வையாபுரி தலையைக் குனிந்தபடி பம்பைத் தாண்டினார்.

"சாமி, இன்னிக்கு உங்களுக்குத் தீட்சையாமே! காலிக் குடத்தோட எங்க போறீங்க?"

"ஆவாரங்காட்டுக்கு."

"அது மூணு மைலாச்சே. இங்க கொட்டுறது உங்க கண்ணுக்குத் தண்ணியாத் தெரியலையா?"

"அங்க ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"நல்ல கூத்து. பிச்சைக்குப் போறவரு முன்கூட்டியே சொல்லி வெச்சுட்டா போவாரு?" பேச்சி சிரித்தாள். பிறகு பம்பை விட்டுக் கையை எடுத்தாள். "எங்க சனம் தொட்ட தண்ணி மடத்துக்கு ஆகாதுன்னா அதைச் சொல்லிட்டுப் போங்க சாமி. எங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல."

அவருக்குச் சுருக்கென்றது. சாதி பார்த்துத் தண்ணீர் குடிக்கிற ஆள் இல்லை அவர். அதைச் சொல்லிவிடலாம். சொன்னால், அப்புறம் எதுக்காக வேண்டாங்கிறீங்க என்று கேட்பாள். நடையை எட்டிப் போட்டார்.

ஆவாரங்காட்டு டீக்கடைக்காரர் குடத்தை நிரப்பிக் கொடுத்தார். சுமந்துகொண்டு கரடு ஏறி முடித்தபோது உச்சி வெயில். கூடத்தில் மரகதம்மை உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம், தளும்பத் தளும்ப.

"பேச்சி கொண்டாந்து வெச்சுட்டுப் போனா. 'உங்க சாமி கேக்க மாட்டேங்கிறாரு, கேக்காமலே போடுறேன், எடுத்துக்கங்க'ன்னா. நல்ல வாய் அவளுக்கு."

"நான் ஆவாரங்காட்டுல வாங்கிட்டு வந்துட்டேன்மா."

"இருக்கட்டும் அண்ணே. வெயில்ல சுமந்து ஏறியிருக்கா. இதையே குடிப்போம்."

மரகதம்மை பச்சைக் குடத்துக்குள் கையை விட்டு மொண்டார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

வையாபுரி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். தண்ணீர் தரையில் சிதறியது. ஏழு வருஷத்தில் அவர் குருவைத் தொட்டதில்லை.

"வேண்டாம்மா."

"ஏன்?"

கையை விட்டார்.

"ஏன் அண்ணே?"

சொன்னார். குருபூஜைக்கு ஐந்நூறு பேர் வருவார்கள் என்று புதிதாகக் கழிப்பறை கட்டும் பொறுப்பு அவருடையது. கழிவுத் தொட்டி வெட்டவில்லை. கரடு முழுக்கப் பாறை, வெட்டினால் ஒரு மாசம் பிடிக்கும். மடத்துக்குப் பின்னால் வற்றிப்போன போர்வெல் ஒன்று கிடந்தது, நானூறு அடி. கழிவுக் குழாயை அதற்குள் இறக்கிவிட்டார். வாடை இல்லை, ஈ இல்லை. பூஜைக்கு வந்தவர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள்.

"வத்தின போர்தானே?"

"வத்தினதுதான். ஆனா அதைப் போட்டவன் நான். கரட்டுப்பட்டி பம்புக்கும் நான்தான் போட்டேன். இங்க போரைச் சுத்தம் பண்ண கம்ப்ரசர்ல காத்தடிக்கிறப்போ அங்க பம்பு வாயில நுரை பொங்கிச்சு. சாமி வந்துடுச்சுன்னு சனங்க சூடம் கொளுத்துனாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ரெண்டுக்கும் அடியில ஒரே பாறை வெடிப்பும்மா. இங்க விட்டது அங்க போய்ச் சேரும்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"குழாயை இறக்குறப்போ ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு. பூஜை வரைக்கும்தானே, முடிஞ்சதும் எடுத்துடலாம்னு..."

"பூஜை முடிஞ்சு?"

"இருபது நாளாச்சு."

மரகதம்மை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. கோபித்திருந்தால் வையாபுரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இன்னிக்கே குழாயை வெட்டிடுறேன்மா. பாறையை உடைச்சுத் தொட்டியும் கட்டிடுறேன்."

"கட்டுங்க."

"கீழ யாருக்கும் சொல்ல வேண்டாம்மா. மடத்துப் பேரு போயிடும். விடுறதை நிறுத்திட்டா, தண்ணி தானாத் தெளிஞ்சுடும்."

"எத்தனை நாள்ல?"

"மழையைப் பொறுத்தது. ஆறு மாசம் ஆகலாம். ஒரு வருஷமும் ஆகலாம்."

வெளியே யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. ஆவாரங்காட்டுக் குடம் வாசற்படியிலேயே இருந்தது. வையாபுரி அதைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார்.

"அப்போ, என் தீட்சை எப்பம்மா?"

மரகதம்மை சொன்னார்:

"எனக்குக் கையைப் பிடிக்க நீங்க இருந்தீங்க அண்ணே. கீழ பேச்சி இந்நேரம் பிள்ளைக்குச் சோறு போட்டிருப்பா. அதுக்கு விக்கல் எடுத்தா, எந்தத் தண்ணியை மொண்டு குடுப்பா?"