கை கழுவும் பேராசிரியர்

எங்கள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இப்போது ஐந்து மாடிக் கட்டிடம் நிற்கிறது. ஏசி அறைகள், டோக்கன் எண்ணைக் கூப்பிடும் இயந்திரம். இருக்கட்டும், நல்லதுதான். எனக்கென்னவோ அந்தப் பழைய ஓட்டுக் கூரைப் புறநோயாளிப் பிரிவுதான் கண்ணுக்குள் இருக்கிறது. களிம்பும் டெட்டாலும் கலந்த அந்த வாசனைக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

வாசலில் இரண்டு பலகைகள். ஒன்று தோல் நோய், மற்றது பால்வினை நோய். இரண்டாவது பலகைக்குக் கீழே ஈ காக்காய் அண்டாது. எல்லாரும் தோல் வரிசையில்தான் நிற்பார்கள். கையில் ஒரு படையைக் காட்டி "அரிப்பு சார்" என்பார்கள்.

எங்கள் பேராசிரியர் அருமைநாயகம் படைக்குக் களிம்பு எழுதுவார். பிறகு மூலையிலிருந்த குழாயடிக்குப் போய்க் கை கழுவுவார். கழுவுவார், கழுவுவார், கழுவிக்கொண்டே இருப்பார். "பெரியவர் தீட்டுக் கழிக்கிறார்" என்று மாணவர்கள் நாங்கள் சிரிப்போம். அதிகம் சிரித்தவன் தளவாய்.

ஒரு நாள் உலகநாதன் என்ற பாத்திரக் கடைக்காரர் வந்தார். உள்ளங்கை இரண்டிலும் சிவந்த புள்ளிகள். ரத்தப் பரிசோதனை மேகநோய், அதாவது சிபிலிஸ், என்று சொல்லிவிட்டது. அன்று அவரைப் பார்த்தவன் தளவாய். கெட்டிக்காரன். நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான்.

"மறைக்காமச் சொல்லுங்க. எங்க போனீங்க?"

"அப்படியெல்லாம் இல்ல சார். பாத்திரம் தேய்க்கிற பவுடர் ஒத்துக்கல."

"வீட்டுல பிள்ளைங்க?"

"இப்பதான் மாசமா இருக்கா. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு."

தளவாய்க்குப் பதறிவிட்டது. "அவங்களுக்கும் ஊசி போடணும். இல்லன்னா பிள்ளைக்கு ஆபத்து. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு எதுக்கு? அவ கையில ஒண்ணுமில்லையே."

உலகநாதன் எழுந்துவிட்டார். இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

பேராசிரியர் குழாயைத் திறந்தார்.

"இருங்க அண்ணாச்சி. உங்களுக்கு ஊசி போடணும்லா" என்றார், சுவரைப் பார்த்தபடி. சோப்பை எடுத்தார். "ஒம்பது வருசம்னா வேண்டாத தெய்வம் இருக்காதே."

உலகநாதன் வாசலருகே நின்றுவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் நகக்கண்களைத் தேய்த்தார்.

"சங்கரன்கோவிலுக்கு நடந்தே போனா சார்."

பேராசிரியர் அடுத்த கையைத் தேய்த்தார்.

"போன ஆடியில ஏவாரத்துக்கு வெளியூர் போயிருந்தேன். கூட வந்தவனுக கூப்பிட்டானுக." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பேராசிரியர் அப்போதும் திரும்பவில்லை. "ஊசியில குணமாயிரும். பிள்ளையையும் காப்பாத்திரலாம். சீக்கிரம் வரணும், அவ்வளவுதான்."

"அவகிட்ட எப்படி சார் சொல்லுவேன்?"

"தனியாச் சொல்ல முடியலன்னா இங்க வச்சுச் சொல்லுவோம். நானும் இருக்கேன்."

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். அந்த அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. வீட்டிலேயே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. புருஷனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி போட்டுக்கொண்டு, அடுத்து எப்போது வரவேண்டும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டு போனார். அவர்கள் வாசல் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

தளவாய் மெல்லக் கேட்டான்.

"சார், நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசணும்னு வகுப்புல நீங்கதானே சொன்னீங்க? நானும் அப்படித்தானே கேட்டேன்?"

"நோயைப் பார்க்கணும்டே. அந்த மனுசன் வெக்கப்படுறதையும் உக்காந்து பார்க்கணுமா?"