பத்து முறை கேட்ட பேர்

கோயம்புத்தூரில் வீடியோ கேம் அணி நடத்தும் தணிகைவேலிடம், அணியின் ஆட்டக்காரன் இன்பராசு சம்பளம் கேட்டான். "தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஆடுறனுங்க. வாடகைக்கே வழியில்லை."

"விளையாடுறதுக்குச் சம்பளமா? உன் பேரு ஊரெல்லாம் கேக்குதே, பத்தாதா? நாளைக்கு ஃபைனல்ல பத்துப் பேரைச் சுடு. இல்லேன்னா கிளம்பு!"

"பேரு நல்லாக் கேக்குமுங்க" என்றான் இன்பராசு. அன்றே கேமுக்குள் தன் பேரை மாற்றினான்.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. அவன் ஒவ்வொருவரையும் சுடும்போது வர்ணனையாளர் திரையில் வந்த பேரைப் படித்து அலறினார்: "சம்பளமில்லாதவன் இன்னொருத்தரைச் சாய்ச்சிட்டான்!" பத்து முறை. அணியின் விளம்பரதாரர்கள் தணிகைவேலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுவாரமே 'சம்பளமில்லாதவன்' என்று அச்சடித்த பனியனை ஆயிரம் ரூபாய்க்கு விற்றார் தணிகைவேல். ஒன்றை இன்பராசுவிடம் நீட்டினார்.

"உனக்கு மட்டும் காசு வேண்டாம்ப்பா."